சாட்சிப் பட்டியலுக்குப் போன பெயர்

என் தங்கையின் செய்தியை அழித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், யாரோ ஒரு கெட்டவர் வந்து எங்கள் இரண்டு பேரையும் பிரித்துவிட்டதுபோல் பாதிவழியில் கதை கட்டிவிடுவேன். அந்தச் சாமர்த்தியம் எனக்கு உண்டு. போனில் அந்தச் செய்தியின்மேல் விரலை வைத்து அழுத்தினேன், 'எல்லோருக்கும் நீக்கு' என்பதைத் தொட்டேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்து ஒரு உண்மையான வார்த்தை பேசவில்லை.

திருத்தணியில் தாலுகா ஆபீசுக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பேர்தான் ஜெராக்ஸ். மனு டைப் அடிப்பது, பட்டா மாறுதலுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் ஆன்லைனில் போடுவது, இதுதான் வேலை. வீட்டுக்காரர் போன பிறகு கடையும் நானும்தான். காலையிலிருந்து "இன்னாமா, இன்னும் ஆவலியா, பஸ்ஸு போய்டும்மா" என்று கேட்டுக்கேட்டு எனக்குக் கோபம் மூக்கின்மேலேயே குடியிருக்கிறது. ஆனால் டைப்பிங் வேகமாக வரும். அதுதான் வினையாகப் போயிற்று.

ஊரடங்கில் சபையைப் பூட்டியபோது எங்கள் ஜெபக் குரூப் வாட்ஸப்பில் ஆரம்பித்தது. சென்னையில் இருக்கிற ஒரு ஊழியக்காரர் நடத்தினார். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் அவரை அண்ணன் என்போம். கே.ஜி.கண்டிகையிலிருந்து, பள்ளிப்பட்டிலிருந்து, அரக்கோணம் பக்கத்திலிருந்து என்று எங்கள் ஜனங்கள் இருநூறு பேருக்குமேல் சேர்ந்தார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குச் சங்கிலி ஜெபம். ஆளுக்குக் கால் மணி நேரம். ஒருவர் முடித்ததும் 'முடித்தேன்' என்று போட வேண்டும், அடுத்தவர் தொடர வேண்டும். அதே நேரத்தில்தான் மலைமேல் கோவில் ஒலிபெருக்கியும் ஆரம்பிக்கும். அவர்கள் அங்கே முருகனை எழுப்ப, நாங்கள் இங்கே முழங்காலில் நிற்போம். யாருக்கும் யாராலும் தொந்தரவு இல்லை.

அந்தக் குரூப் நல்லது செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என் தங்கை வீட்டுக்காரருக்குக் கிட்னி கெட்டுப்போய் முதல்முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, கே.ஜி.கண்டிகையிலிருந்து முன்பின் முகம் பார்க்காத இரண்டு பெண்கள் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வந்தார்கள். பதினாறு நாள் மாற்றி மாற்றி வந்தார்கள். எங்கள் சொந்தத்தில் ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை.

குரூப்பில் இரண்டு பட்டியல் உண்டு. ஒன்று ஜெபக்குறிப்பு, இன்னொன்று சாட்சி. யாருக்குச் சுகமில்லை, யாருக்கு வேலை வேண்டும், யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் ஜெபக்குறிப்பில் இருக்கும். கேட்டது கிடைத்துவிட்டால் அந்தப் பெயரை எடுத்துச் சாட்சிப் பட்டியலில் போடுவோம். குரூப் அட்மின்களில் நானும் ஒருத்தி, இரண்டையும் திங்கட்கிழமைதோறும் டைப் அடித்துப் போடுவது என் பொறுப்பு. ஒரு பெயர் சாட்சிக்குப் போய்விட்டால் திரும்ப ஜெபக்குறிப்புக்கு வரக்கூடாது. அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். வந்தால் கர்த்தர் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்ததாகிவிடும், மற்றவர்களின் விசுவாசம் ஆடிவிடும் என்பார் அண்ணன். ஒருவரை மாற்றினால் நாளைக்கு எல்லோரும் வந்து நிற்பார்கள் என்று எனக்கும் தோன்றியது. கடையில் மனு திருத்துகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த புத்தி.

ஒரு வாரம் தங்கை வீட்டுக்காரரின் ரத்தப் பரிசோதனையில், கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் க்ரியாட்டினின் கொஞ்சம் இறங்கியிருந்தது. பாவம், அவள் சந்தோஷத்தில் குரூப்பில் போட்டுவிட்டாள்: "இந்த வாரம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ஸ்தோத்திரம்." கொஞ்சம் என்றுதான் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஆன்லைனில் பேசும்போது, "திருத்தணியில் ஒரு சகோதரனுக்குக் கர்த்தர் புதுச் சிறுநீரகம் கொடுத்திருக்கிறார்" என்றார். ஆமென் ஆமென் என்று திரை நிரம்பி வழிந்தது. மறுநாள் திங்கட்கிழமை. நான் பெயரை அங்கிருந்து எடுத்து இங்கே போட்டேன். கைதான் போட்டது, மூளை எங்கே போயிற்றோ.

மூன்று வாரத்தில் டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள்.

தங்கை கடைக்கு வந்தாள். கூட்ட நேரம். ஓரமாக நின்று, "அக்கா, அவரு பேர திரும்ப ஜெபத்துல போடுக்கா. கேக்கறவங்களுக்கெல்லாம் இன்னா பதில் சொல்றதுன்னு தெர்ல. வழியில பாக்கறவங்கல்லாம் ஸ்தோத்திரம் சொல்லிகினு போறாங்க" என்றாள்.

"அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

கேட்டேன். "பொறுத்திருக்கச் சொல்லுங்கள் சிஸ்டர், சாட்சியை வாயால் அழிக்கக் கூடாது" என்றார். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் சும்மா இருந்துவிட்டேன். பத்து நாள் கழித்து மறுபடி வந்து கேட்டாள். மறுபடியும் "கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை நான் பட்டியல் போட்ட ஐந்தாவது நிமிடம் அவளுடைய செய்தி வந்து விழுந்தது: "அண்ணா, அவருக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சி ஒரு மாசம் ஆகப் போவுது. சாட்சியில போட்டது தப்பு. தயவுசெய்து எல்லாரும் அவருக்காக ஜெபம் பண்ணுங்க."

ஒரு நிமிடம்கூட இருக்காது, அழித்துவிட்டேன். அண்ணன் பார்ப்பதற்குள், மற்றவர்கள் ஏதாவது சொல்வதற்குள், அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் அழித்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அட்மின் அழித்தால் அழித்தவர் பெயரோடு குரூப்பில் நிற்கும். அவள் கண்ணீர்விட்டு எழுதின இடத்தில், இருநூறு பேர் பார்க்க, என் பெயர் நின்றது.

சாயங்காலம் போன் செய்தேன். "எல்லார் முன்னாடியும் போடணுமாடி? என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்று வாய் கூசாமல் கேட்டேன்.

"உன்கிட்ட சொன்னேன்க்கா. ரெண்டு தடவ சொன்னேன்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எங்கள் வீட்டு வழக்கப்படி மறுநாள் சரியாகியிருக்கும். "சரிக்கா, வெக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

அவள் குரூப்பைவிட்டுப் போகவில்லை. தன் முறை வரும்போதெல்லாம் ஜெபித்து 'முடித்தேன்' என்று போட்டாள். அண்ணன் என்ன போட்டாலும் ஆமென் போட்டாள். சமாதானமாகிவிட்டாள் என்று நான் நினைத்தேன். ஐம்பது வயது தாண்டிய பெண்பிள்ளை இவ்வளவு மக்காக இருக்க முடியுமா என்றால், முடியும்.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் அட்மின்கள் ஐந்து பேரையும் தனியாக அழைத்துப் பேசினார். டெலிகிராமில் ஒரு குரூப் இருக்கிறதாம். எங்கள் குரூப்பிலும் இதுபோன்ற மற்ற குரூப்புகளிலும் இருந்து வெளியே போனவர்கள் கூடிக்கொண்டு ஊழியத்தைக் கிழிகிழியென்று கிழிக்கிறார்களாம். வேறு பெயரில் உள்ளே போய், நம் ஆட்கள் யாராவது எழுதுகிறார்களா என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். டைப்பிங் வேகமாக வரும் சிஸ்டருக்குத்தான் அந்த வேலை. வீட்டுக்காரருடைய பழைய சிம்மைத் தூசி தட்டி எடுத்துப் போட்டு, 'ஒரு விசுவாசி' என்று பேர் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சாத்தானின் கூடாரத்துக்குள் போவதாகத்தான் நினைத்துப் போனேன். அங்கே போய்ப் பார்த்தால், அட கஷ்டமே, எல்லாம் எங்கள் ஜனங்கள். எங்களைப் போலவே விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். பல வருஷப் பழக்கம், தூக்கம் கலைந்துவிடுகிறது, ஜெபிக்க மனசு வரவில்லை, அதனால் எழுதுகிறார்கள். திட்டுவதுகூட வேத வசனத் தமிழில்தான் திட்டினார்கள். ஒருத்தி, காணிக்கை பற்றிக் கேட்டதற்குத் தன்னை நீக்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள். ஒருவர், இறந்துபோன மனைவியின் பெயர் இன்னும் சாட்சிப் பட்டியலில் இருக்கிறது என்று எழுதியிருந்தார். ஒரு கேள்வி கேட்டவர்கள், ஒரு திருத்தம் சொன்னவர்கள், ஒருநாள் அழுதவர்கள். யாரும் முதல் நாளே அங்கே போகவில்லை. முதலில் எங்களிடம்தான் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் அழித்த செய்திகள் எல்லாம் போகிற இடம் அதுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. குப்பையில் போட்டது காணாமல் போய்விடும் என்று நினைத்திருந்தோம்.

நான்காம் நாள், கடையில் மத்தியான வெயிலுக்கு ஆள் இல்லாத நேரம், படித்துக்கொண்டே வந்தேன். ஒரு பெண் எழுதியிருந்தாள். வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம், பாட்டிலில் அளவு தெரிய நெயில் பாலீஷால் மூன்று கோடு போட்டு வைத்திருக்கிறேன், மூன்றாவது கோட்டுக்கு வந்ததும் அவர் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார், சுகமானவர் என்று எல்லோரும் சொல்கிற மனுஷன் தாகத்தில் படுத்திருக்கிறார், இதை நான் எங்கே போய்ச் சொல்வது என்று கேட்டிருந்தாள்.

அந்தப் பாட்டிலை நான் பார்த்திருக்கிறேன். அரக்கு நிறப் பாலீஷ். போன கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

ஏசப்பா! ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து, அவள் எழுதியது எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தேன். பக்கத்துத் தெருவில் இருக்கிற என் தங்கைக்கு என்னென்ன நடந்தது என்று அந்நியர்களோடு சேர்ந்து நானும் தெரிந்துகொண்டேன். ஊசி குத்திக் குத்தி அவர் கை வீங்கியது, டயாலிசிஸ் முடிந்து வருகிற வழியில் ட்ரெயினிலேயே அவர் மயங்கி விழுந்தது, எங்களைப் பெற்ற நைனா செத்தபோதுகூட வராத அழுகை பாத்திரம் கழுவும்போது வந்தது. என்னைப்பற்றி ஒரே ஒரு வரி: "அழிச்சது எங்க அக்கா."

அண்ணனுக்குப் போன் போட்டு, "நம்ம ஆளுங்க யாரும் இல்லீங்கண்ணா" என்றேன். அண்ணனிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

ஓடிப்போய் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. விழுந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பாள், வேவு பார்க்கப் போனேன் என்று சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று படித்துக்கொண்டே இருந்தேன். தினமும் மத்தியானம் அவள் எழுதியதைப் படிப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவளோடு பேசிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

ஒருநாள் அவள் அந்தக் கஞ்சியைப்பற்றி எழுதினாள். "எல்லாத்தையும் தப்புன்னு சொல்ல மனசு வர்ல. தூக்குவாளியோட பஸ்ல வந்தாங்க. அந்தக் கையை நான் மறக்க மாட்டேன்." அவ்வளவுதான் எழுதினாள். பிடித்துக்கொண்டார்கள். இன்னும் உனக்குப் புத்தி தெளியவில்லை, ஒரு வாளி கஞ்சிக்கு விலை போய்விட்டாய், நீ அவர்கள் அனுப்பிய ஆள்தானே என்று ஆளாளுக்கு மொத்தினார்கள். எங்கள் குரூப்பில் குறை சொல்லக்கூடாது, அந்தக் குரூப்பில் நிறை சொல்லக்கூடாது. இரண்டு இடத்திலும் அவளுக்குப் பாதி வாய்தான்.

எனக்கு வந்ததே கோபம்! "அவங்க சொன்னதில் என்ன தப்பு? நன்றி சொல்வதும் குற்றமா?" என்று எழுதிவிட்டேன். 'ஒரு விசுவாசி' எழுதிய முதல் செய்தி அதுதான். சாயங்காலம் அவள் எனக்குத் தனியாக எழுதினாள்: "ரொம்ப தேங்க்ஸ்ங்க. நீங்க எந்த ஊரு?"

"தூத்துக்குடி பக்கம்" என்று எழுதினேன். தூத்துக்குடியை நான் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். என் பேச்சு தெரிந்துவிடக் கூடாது என்று தாசில்தாருக்கு மனு எழுதுவதுபோல் சுத்தமான தமிழில் எழுதினேன். "தாங்கள் உணவருந்தினீர்களா" என்றுகூட ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். அவள் சிரிக்கிற பொம்மை அனுப்பினாள். அவள் சிரித்து எத்தனை மாதம் ஆகியிருந்தது! நான் கடையில் உட்கார்ந்து அழுதேன். ரேஷன் கார்டு திருத்த வந்த பெரியவர் பயந்துபோய் நாளைக்கு வருகிறேன் என்று எழுந்துவிட்டார்.

ஒரு மாதம் அப்படிப் போயிற்று. பிறகு ஒருநாள் எழுதினாள்: "என் கிட்னி அவருக்குப் பொருந்துது. டெஸ்ட்டெல்லாம் முடிஞ்சிது. அடுத்த மாசம் ஆபரேஷன்."

கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் படித்தேன். ஐந்து வயதில் அம்மை போட்டபோது அவளை மடியில் போட்டு வேப்பிலையால் தடவிக்கொண்டிருந்தவள் நான். அந்த உடம்பைக் கிழித்து எடுக்கப் போகிறார்கள்.

"வீட்டில் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"யாருக்கும் தெரியாது. கொழந்தைங்க இல்ல. ஒரு அக்கா இருக்காங்க, இதே ஊர்ல. அவங்ககிட்ட சொன்னா குரூப்புக்குத் தெரிஞ்சிரும். சொகமானவருக்கு எதுக்கு ஆபரேஷன்னு கேப்பாங்க. ஆபரேஷன் தேட்டருக்குப் போற நேரத்துல எனக்கு அந்தக் கேள்வி வேணாம்."

"அக்காவிடம் சொல்லிப் பாருங்கள். கூடப் பிறந்தவர்கள் அல்லவா?"

நீளமாக எழுதினாள். "எங்க அக்கா நல்லவங்கதான். அம்மா வேலைக்குப் போனப்ப என்னை வளத்ததே அவங்கதான். நான் வேணுமா, குரூப் வேணுமான்னு கேட்டா என்னைத்தான் சொல்லுவாங்க. ஆனா சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிப்பாங்க. அந்த ஒரு நிமிஷத்த என்னால பாக்க முடியாதுங்க."

அடுத்த வரி: "எனக்காக ஜெபம் பண்ணுவீங்களா? இங்க நெறைய பேரு வுட்டுட்டாங்க, நீங்க எப்படின்னு தெர்ல. வேற யார்கிட்டயும் கேக்க முடியாது."

பண்ணினேன். கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு பண்ணினேன். அவள் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே அட்மின் பொறுப்பை விட்டேன். பட்டியலையும் இனிமேல் வேறு யாராவது போடட்டும் என்றேன். "என்ன சிஸ்டர், சோர்ந்து போயிட்டீங்களா" என்று அண்ணன் கேட்டார். தங்கைக்கு இது தெரியவரும், என்னிடம் வருவாள் என்று நான் காத்திருந்தேன். பட்டியல் வழக்கம்போல் திங்கட்கிழமை வந்தது. யார் டைப் அடித்தது என்று யாருக்குத் தெரியும்?

பொறுக்க முடியாமல் அவள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து, "வாங்கக்கா" என்றார். முகம் சாம்பல் பூத்திருந்தது. அவள் உருளைக்கிழங்கை நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். உப்பெல்லாம் இறங்கிய பிறகுதான் அவருக்குச் சமைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அவள் எழுதியிருந்தாள். தெரியாததுபோல், "இன்னாத்துக்குடி ஊறவைக்கற?" என்று கேட்டேன்.

"சும்மாதான்க்கா."

"எப்பிடிக் கீறாரு?"

"நல்லாக் கீறாருக்கா. ஸ்தோத்திரம்."

குரூப்பில் பேசுகிற குரல். என் தங்கை என்னிடம், அவள் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு, குரூப்புக்குப் பதில் சொல்வதுபோல் பதில் சொன்னாள். அவள் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் எடுப்பார்கள்?

"நீ சாப்புட்றியா ஒழுங்கா? ரத்தம் கம்மியா இருந்தா டெஸ்ட்ல..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நிமிர்ந்தாள். "எந்த டெஸ்ட்டு?"

"சும்மா, பொதுவா சொன்னேன்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு தண்ணீரை வடித்தாள். நான் கிளம்பினேன்.

இனி மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. ஆபரேஷனுக்குப் பத்து நாள்தான் இருந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று 'ஒரு விசுவாசி'யிடம்கூட அவள் சொல்லவில்லை, சென்னை என்று மட்டும்தான். தேட்டருக்கு வெளியே உட்கார அவளுக்கு ஒரு ஆள் வேண்டும். இரண்டு பேரும் உள்ளே இருப்பார்கள், வெளியே யார் இருப்பார்? கண் விழித்ததும் வாயில் ஈரப் பஞ்சு வைக்க யார்? அந்த நினைப்பு என்னைத் தின்றுவிட்டது. அடுத்த நாள் மத்தியானம், அதே பொய்ப் பெயரிலிருந்து, முதல்முறையாக எங்கள் பேச்சில் எழுதினேன்:

"நான்தான்டி. அக்கா. தப்பு என்மேலதான். யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். நான் கூட வரேன்டி."

இரண்டு டிக் விழுந்தது. படித்துவிட்டாள். எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது. மறுபடி எழுதுகிறாள், மறுபடி நின்றது. அப்போது பார்த்து ஏதோ விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்று கூட்டம் உள்ளே வந்துவிட்டது. நான்கு பேருக்குப் போட்டுக்கொடுத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். அவள் பேர் இருந்த இடத்தில் 'நீக்கப்பட்ட கணக்கு' என்று இருந்தது.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு அறை. முகம் தெரியாத ஒரு தூத்துக்குடிக்காரியிடம் கண்ணீர்விட ஒரு மூலை. அதிலும் நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். குரூப்பில் அவள் வாயை அடைத்ததற்காவது அண்ணன்மேல் பழி போடலாம். இதற்கு யார்மேல் போடுவேன்? தெரியாத ஆளாகவே இருந்திருந்தால் கடைசிவரைக்கும் எனக்குத் தகவலாவது வந்திருக்கும். நல்லவளாக வேண்டும் என்று எனக்கு வந்த அவசரம் அதையும் முடித்துவிட்டது.

போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அவள் கோபம் தணியட்டும், பத்து நாள் இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் அப்படிப் போனது. மூன்றாம் நாள் காலையில் கடையைத் திறக்காமல் நேராக அவள் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

கதவில் பூட்டுத் தொங்கியது. இரண்டு பேர் போனும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், பள்ளிப்பட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். சூதுவாது தெரியாதவள். தங்கையைச் சின்னக்கா என்பாள், என்னைப் பெரியக்கா என்பாள். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் முகம் மலர ஓடி வந்தாள்.

"வாங்க பெரியக்கா. அவங்க முந்தாநேத்து காலைல மொத ட்ரெயினுக்கே பூட்டாங்களே. சின்னக்கா வூட்டுக்காரரு தெருமொன வரைக்கும் நடக்க முடியாம நடந்துகினு போனாரு. ஆட்டோ வெச்சிதான் ஸ்டேஷனுக்குப் போனாங்க. பெரிய பை ரெண்டு."

"ஆங்" என்றேன்.

"கல்யாணத்துக்குப் போயிருக்காங்க பெரியக்கா" என்றாள் அவள், பாடம் ஒப்பிப்பதுபோல். அப்புறம் என்ன தோன்றியதோ, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யார் வந்து கேட்டாலும் கல்யாணம்னுதான் சொல்லணும்னு சின்னக்கா சொல்லிட்டுப் போச்சி. பெரியக்கா கேட்டாலுமான்னு கேட்டேன். அவங்க கேட்டாதான் முக்கியமா அப்பிடிச் சொல்லணும்னுச்சி. எதுக்குக்கா? உங்களுக்குள்ள எதுனா சண்டையா?"

நான் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் என் கையைத் தொட்டாள். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று அவள் பயந்துவிட்டது தெரிந்தது. அக்கா வந்தாளா, என்ன சொன்னாய் என்று திரும்பி வந்ததும் அவளைத்தான் என் தங்கை கேட்பாள். திரும்பி வந்தால்.

"சண்டையெல்லாம் இல்லடி" என்றேன். "யார் வீட்டுக் கல்யாணம்?"